கூரையில் கட்டுவதிலிருந்து துடுப்புப் பிடிப்பது வரை: கயாக், கனூ சாமான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் காலம் தலைகாட்டியதும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து நம்மவர்கள் பலர் இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் கயாக்கோ, ஒரு முனையில் மட்டும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் கனூவோ வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய கையோடு என்னிடம் வரும் சந்தேகங்கள் வருடா வருடம் ஏறத்தாழ ஒன்றேதான். அவற்றை ஓரிடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். இங்கே சொல்லும் விதிகள் கனடாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் உரியவை.

எந்தப் படகு வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள், அதைக் கட்டும் பட்டியையும் போடும் லைஃப் ஜாக்கெட்டையும் கடைசி நாளில் கையில் அகப்பட்ட விலைக்கு எடுக்கிறார்கள். இந்தப் பக்கத்தை எழுத வைத்தது அதுதான். படகு கொஞ்சம் மலிவானதாக இருந்தால் மெதுவாகப் போகும், அவ்வளவே. சாமான் மோசமானால் நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து.

"அக்கா, கயாக் வாங்கியாச்சு. இனி என்னென்ன வாங்க வேணும்?"

முதலில் சட்டம் கேட்பவை. கையால் துடுப்புப் போடும் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில், கனேடிய அங்கீகாரம் பெற்ற லைஃப் ஜாக்கெட் ஒன்று இருக்க வேண்டும். குறைந்தது 15 மீற்றர் நீளமான மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு கோப்பை அல்லது கைப்பம்பு, ஒலி எழுப்ப ஒரு விசில் ஆகியவையும் வேண்டும். இருட்டிய பிறகும் நீரில் இருப்பீர்களானால் வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச் கட்டாயம். இறைக்கும் கோப்பைக்குக்கூட அளவு உண்டு: 750 மில்லிலீற்றராவது கொள்ள வேண்டும், வாய் 65 சதுர சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். பெரிய புளீச் போத்தலை நன்றாகக் கழுவி, மூடியை இறுக்கி, அடியைச் சரிவாக வெட்டினால் அருமையான கோப்பை. கைபிடியும் கூடவே வந்துவிடும்.

கடைகளில் கயிறு, விசில், டார்ச் எல்லாம் ஒரு சின்ன டப்பாவுக்குள் போட்டு விற்கிறார்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்தக் கயிறு மெல்லியது, நனைந்த கையில் வழுக்கும். பைக்குள் அடைத்து எறியும் வகைக் கயிறு ஒன்றைப் பின்னர் வாங்கிக்கொள்ளுங்கள். விசில் உள்ளே உருண்டை இல்லாததாக இருக்கட்டும். உருண்டை உள்ளது நனைந்தால் ஒட்டிக்கொண்டு சத்தம் வராது. ஹமில்ரன் நகரத்துக் கூடைப்பந்து நடுவர் ஒருவர் உருவாக்கி 1987இல் சந்தைக்கு வந்த ஃபொக்ஸ் 40 இந்த வகைதான். மலிவு, நனைந்தாலும் ஊதும்.

என் வரிசை இது: முதலில் லைஃப் ஜாக்கெட், அடுத்தது காரில் கட்டும் ஸ்ட்ராப்பும் கயிறும், மூன்றாவது துடுப்பு. மற்றவை எல்லாம் ஒரு பருவம் ஓடிப் பார்த்த பிறகு.

"என்ர காரில ரூஃப் ராக் இல்லை. சும்மா கூரையில வைச்சுக் கட்டலாமோ?"

வெறும் கூரையில் வேண்டாம். தகரம் நெளியும், படகும் வழுக்கும். ரூஃப் ராக், அதாவது கூரையில் பூட்டும் குறுக்குச் சட்டம், இல்லாதவர்களுக்கென்று ஃபோம் கட்டைகள் விற்கிறார்கள். கயாக்குக்கு வளைவாக வெட்டியவை வேறு, கனூவின் விளிம்பு உட்காரும்படி பிளவு போட்டவை வேறு. மாறி வாங்கிவிடாதீர்கள். கட்டைகளின் மேல் படகை வைத்து, நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு, ஸ்ட்ராப்பைக் காரின் உள்ளே கொண்டுபோய்க் கட்ட வேண்டும். யன்னலால் கட்டினால் கதவு திறக்காது, நீங்கள் உள்ளே போக முடியாது. மழை பெய்தால் ஸ்ட்ராப் வழியே தண்ணீர் ஊறி உள்ளே சொட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ரூஜ் கடற்கரைக்கோ பிக்கறிங்கில் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பேக்கோ போய்வர இது போதும். 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே போவதானால் குறுக்குச் சட்டம் இரண்டுள்ள உண்மையான ராக் போடுங்கள். ஃபோம் கட்டை கொஞ்சம் கொஞ்சமாக நகரும், நகர்ந்த அளவுக்கு ஸ்ட்ராப் தளரும்.

"கூரை எவ்வளவு பாரம் தாங்கும்?"

காரின் கையேட்டில் இருக்கிறது. கூரைக்கு ஓர் எல்லை, ராக்குக்கு ஓர் எல்லை, அதன் மேல் பூட்டும் தாங்கிக்கு ஓர் எல்லை என மூன்று இருக்கும். மூன்றிலும் குறைந்ததுதான் உங்கள் எல்லை. ராக்கின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கையேடு 75 கிலோ என்கிறது, ராக் 7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 68. ஆளுக்கொரு 25 கிலோ கயாக் இரண்டு தாராளமாக ஏறும். 40 கிலோ மீன்பிடிக் கயாக் இரண்டு ஏறாது. படகுக்குள் துடுப்பு, பை, கூலர் எதையும் விட்டுவைத்து ஓட்டாதீர்கள். அதுவும் பாரம், பறக்கவும் பறக்கும்.

"கயாக்கை நிமித்தி வைக்கிறதோ கவிட்டு வைக்கிறதோ?"

கனூ என்றால் யோசிக்கத் தேவையில்லை, கவிழ்த்துத்தான். இரண்டு விளிம்பும் குறுக்குச் சட்டத்தில் படிந்து உட்கார வேண்டும்.

பிளாஸ்ரிக் கயாக்குக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கும் ஜே வடிவத் தாங்கி நல்லது. கயாக்கின் உடம்பில் பலமான பகுதி விலாப்பக்கம்தான். தாங்கி இல்லாவிட்டால் வெறும் சட்டத்தில் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்து இறுக்கினால் வெயிலில் இளகிய அடிப்பகுதி சட்டம் பட்ட இடத்தில் குழி விழும். அந்தக் குழியோடு ஓடும் கயாக் நேரே போகாது. நிமிர்ந்த கயாக்குக்குள் மழைத் தண்ணீரும் சேரும். ஆள் உட்காரும் துளைக்கு மூடி ஒன்று போட்டால் மழையும் காற்றும் உள்ளே புகாது.

"ரட்செற் ஸ்ட்ராப் வீட்டில இருக்கு. அது இன்னும் இறுக்கமா இருக்கும்தானே?"

இறுக்கமாக இருக்கும் என்பதுதான் பிரச்சினை. ரட்செற், அதாவது நெம்பை ஆட்டி ஒவ்வொரு கிளிக்காக இறுக்கும் பட்டி, பாரவண்டிச் சரக்குக்கானது. ஒரு கிளிக் கூடிவிட்டால் கெவ்லார் என்ற லேசான இழையில் செய்த கனூ வெடிக்கும், பிளாஸ்ரிக் கயாக் நெளியும். கையில் தெரியாமலே அது நடந்துவிடும். பல் வைத்த கொக்கியில் இழுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும் கேம் ஸ்ட்ராப் வாங்குங்கள். உங்கள் கையின் பலம்தான் அதன் எல்லை. ஓர் அங்குல அகலம், 12 அடி நீளம் ஒரு படகுக்குச் சரி. அகலமான கனூவுக்கு 15 அடி எடுங்கள். கொக்கிக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

ரப்பர் இலாஸ்ரிக் கயிறு, அந்த இரண்டு முனையிலும் கொளுக்கி போட்டது, படகு கட்டுவதற்கு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். காற்று தூக்கும்போது அது நீளும்.

"ஸ்ட்ராப் போடுற முறையை ஒருக்காச் சரியாச் சொல்லுங்கோ. யூரியூப்பில ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிக் காட்டினம்."

காரின் ஒரு பக்கத்தில் நில்லுங்கள். கொக்கியுள்ள முனையைப் படகின் விலாவில், குறுக்குச் சட்டத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். மற்ற முனையைப் படகுக்கு மேலாக அந்தப் பக்கம் எறியுங்கள். கொக்கியை எறியாதீர்கள், யன்னல் கண்ணாடி உடையும். அந்தப் பக்கம் போய், விழுந்த முனையைக் குறுக்குச் சட்டத்துக்கு அடியால் விட்டு, மறுபடி படகுக்கு மேலாக இந்தப் பக்கம் எறியுங்கள். திரும்பி வந்து, இந்தப் பக்கத்துச் சட்டத்துக்கும் அடியால் எடுத்து, கீழிருந்து மேலாகக் கொக்கிக்குள் விட்டு இழுங்கள். பட்டி இரண்டு தரம் படகைத் தாண்டியிருக்கும், இரண்டு பக்கமும் சட்டத்தைச் சுற்றியிருக்கும். ஸ்ட்ராப் சட்டத்தைச் சுற்றும் இடம் ராக்கின் காலுக்கு உட்பக்கமாக, படகை ஒட்டி இருக்கட்டும். வெளிப்பக்கம் போனால் சட்டத்தின் நுனியால் கழன்றுவிட இடமுண்டு. பின் சட்டத்துக்கும் இதே மாதிரி இன்னொன்று.

இழுக்கும்போது ஒரு கையால் படகை அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் இழுங்கள். போதுமா என்று பார்க்க, படகின் மூக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். படகு மட்டும் ஆடினால் காணாது. படகோடு சேர்ந்து முழுக் காரும் ஆடினால் சரி. மிச்ச வாலை ஸ்ட்ராப்பிலேயே சுற்றி முடிச்சுப் போடுங்கள். கதவிடுக்கில் செருகி விடுவது வேண்டாம்.

"ஓடேக்க ஸ்ட்ராப் 'ஊம்' எண்டு அலறுது. தலையிடிக்குது."

தட்டையான பட்டி காற்றில் அதிர்கிற சத்தம் அது. கட்டும்போதே, காற்றுப் படும் நீளத்தில் ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு முறுக்கி விடுங்கள். சத்தம் நின்றுவிடும். படகில் படும் இடத்தில் முறுக்கு வேண்டாம்.

"ரெண்டு ஸ்ட்ராப் போட்டாக் காணாதோ? முன்னுக்கும் பின்னுக்கும் கயிறு ஏன்?"

சின்ன ஒன்பது அடி கயாக், ஊருக்குள் ஓட்டம் என்றால் பலர் போடாமல் போகிறார்கள். நெடுஞ்சாலைக்கும் கனூவுக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்ட்ராப் படகை ராக்கோடு கட்டுகிறது. ராக்கே கூரையிலிருந்து கழன்றால் படகும் ராக்கும் சேர்ந்து பறக்கும். முன் கயிறும் பின் கயிறும் படகைக் காரோடு கட்டுகின்றன. 401ஆம் நெடுஞ்சாலையில் பெரிய டிரக் ஒன்று தாண்டிப் போகும்போது 16 அடிக் கனூவின் மூக்கில் விழும் காற்று அடியை முன் கயிறுதான் தாங்குகிறது.

இன்றைய கார்களில் முன்னால் கட்ட இடம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பொனட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் ஆணிகள் தெரியும். அந்த ஆணியில் மாட்டி வெளியே எடுத்துவிடும் துணி வளையங்கள் சில டொலருக்குக் கிடைக்கின்றன. கட்டாத நாளில் உள்ளே மடித்துவிடலாம். பின்னால் இழுவைக் கொளுக்கி இருக்கும், அல்லது டிக்கிக் கதவுக்குள் இதே வளையம் மாட்டலாம். படகின் மூக்கிலிருந்து இரண்டு வளையத்துக்கும் கவிழ்த்த 'வி' வடிவில் கயிறு வர வேண்டும். பிளாஸ்ரிக் பம்பரில் கட்டாதீர்கள்.

முடிச்சுக்கு டிரக்கர்ஸ் ஹிச் ஒன்றைப் பழகினால் வாழ்நாளுக்கும் போதும். மேலே படகில் கட்டிய கயிற்றின் நடுவில், இழுத்தால் அவிழும் கண்ணி ஒன்று போடுங்கள். நுனியைக் கீழே வளையத்துக்குள் விட்டு மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். கப்பி போல இழுவை பெருகும். இழுத்த இடத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சு. தளர்வு போகும் அளவுக்குத்தான் இழுக்க வேண்டும், மூக்கு வளையும் அளவுக்கு அல்ல. மிச்ச நுனியை மறக்காமல் சுற்றிக் கட்டுங்கள். தொங்கும் முன் கயிறு சில்லுக்கு அடியில் போனால் ஒரு நொடியில் படகை மூக்கோடு கீழே இழுத்து உடைத்துவிடும். நைலோன் கயிறு நனைந்தால் நீளும், பொலியெஸ்ரர் வாங்குங்கள்.

"பின்னுக்குச் சிவப்புத் துணி கட்ட வேணுமாம். உண்மையோ?"

ஒன்ராறியோவில், காரின் பின்பக்கத்திலிருந்து 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடி, வெளிச்சம் போட வேண்டிய நேரத்தில் சிவப்பு விளக்கு. சின்ன ஹட்ச்பக் காரில் 17 அடி கயாக் வைத்தால் எளிதாக அந்த அளவு வந்துவிடும். அதற்குக் குறைவாக இருந்தாலும் கட்டுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் நடந்து வருகிறவர்களின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

"401இல எவ்வளவு வேகத்தில போகலாம்? ஹன்ட்ஸ்வில் மட்டும் நிப்பாட்டாமல் போகலாமோ?"

வலது பக்க லேனில், போக்குவரத்தோடு, 100ஐத் தாண்டாமல். ராக் செய்தவர்கள் தங்கள் கையேட்டில் அதிலும் குறைந்த வேகம் போட்டிருந்தால் அதுதான் எல்லை. பலமான பக்கக் காற்றில் இன்னும் குறையுங்கள்.

நிற்காமல் போகக் கூடாது. புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் ஒரு தரம் நிறுத்தி எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பட்டி அந்த நேரத்தில்தான் படிந்து தளரும். பிறகு 400இல் வரும் ஒவ்வொரு ஒன்ரூட் ஓய்விடத்திலும். வெயிலில் பிளாஸ்ரிக் இளகுவதால், காலையில் இறுக்கியது மதியம் தளர்ந்திருக்கும். ஓட்டும்போது முன் கண்ணாடியால் மூக்குக் கயிற்றைப் பாருங்கள். அது தொய்ந்தாலோ படகின் மூக்கு ஒரு பக்கம் நகர்ந்தாலோ அடுத்த வெளியேற்றத்தில் இறங்குங்கள்.

"நான் தனிய. கயாக்கை எப்பிடி மேல ஏத்துறது?"

முழுதாகத் தூக்க வேண்டாம். காரின் பின்புறக் கூரை விளிம்பில் ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். படகைக் காருக்குப் பின்னால் நீளவாக்கில் கிடத்தி, மூக்கை மட்டும் தூக்கி விரிப்பில் சாயுங்கள். பின்னால் வந்து வாலைத் தூக்கித் தள்ளுங்கள். ஒரு தடவையில் பாதி எடைதான் கையில் வரும். கண்ணாடியில் ஒட்டும் உருளை விற்கிறார்கள், அது இன்னும் லேசு. உயரமான எஸ்யூவி என்றால் காலடியில் உறுதியான சின்ன ஏணிப்படி வையுங்கள். டயரில் ஏறி நின்றுகொண்டு 30 கிலோவைப் பிடிக்காதீர்கள்.

"நாங்கள் கொண்டோவில இருக்கிறம். வைக்க இடமில்லை."

காற்றடிக்கும் கயாக் எடுங்கள். மேலே சொன்ன கூரைக் கதை ஒன்றும் உங்களுக்கு வேண்டாம், டிக்கியில் போய்விடும். ஆனால் மலிவான நீச்சல் தடாகப் பொம்மை வகை வேண்டாம். அடித்தளம் உள்ளே நூலால் தைத்த, 8 முதல் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றுப் பிடிக்கும் வகை பலகை மாதிரி உறுதியாக நிற்கும். சாதாரண அறைகளுக்கு 1 முதல் 3 பிஎஸ்ஐதான். ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு என்று வால்வுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். மேலே கீழே இரண்டு இழுவையிலும் காற்றுத் தரும், அளவி வைத்த கைப்பம்பு வாங்குங்கள். நிரப்பிய படகைக் கரையில் வெயிலில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். நிழலில்லை என்றால் கொஞ்சம் காற்றை விடுங்கள்.

ஓய்ந்த ஏரிக்கு இவை நல்லவை. காற்று எழுந்தால் இலையாகத் தள்ளப்படும், அதனால் ஒன்ராறியோ ஏரியின் திறந்த பக்கத்துக்கு வேண்டாம்.

"லைஃப் ஜாக்கெட்டை சீற்றுக்குக் கீழ வைச்சாக் காணும்தானே? எனக்கு வடிவா நீந்தத் தெரியும்."

கூட்டாட்சி விதி கேட்பது படகில் இருப்பதை. நான் கேட்பது உடம்பில் இருப்பதை. கவிழ்ந்த பிறகு நீரில் மிதந்தபடி ஜாக்கெட் போட்டுப் பார்க்க ஒரு தடவை நீச்சல் தடாகத்தில் முயன்று பாருங்கள். அதுவும் வெதுவெதுப்பான, அலையில்லாத தண்ணீரில். மேலதிகமாக நான் சொல்ல ஒன்றும் இருக்காது.

குளிரில் நீச்சல் உதவாது. மனிதோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் ஆராய்ச்சியிலிருந்து சொல்லும் 1-10-1 என்ற கணக்கு உண்டு. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொற்கேட்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஜாக்கெட் இல்லாதவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை, கைகால் ஓயும்போதே தாழ்ந்துவிடுகிறார்.

அளவு பார்க்கும் முறை: எல்லாப் பட்டியையும் இறுக்கிவிட்டு, இன்னொருவரைத் தோள் பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். நாடிக்கு மேலே ஏறினால் பெரிது. பிள்ளைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். வளர்ந்த பிறகும் போடலாம் என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம் சப்பாத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. சின்னப் பிள்ளையினதில் கால்களுக்கிடையே போகும் பட்டியும் கழுத்துக்குப் பின்னால் தூக்கிப்பிடிக்கும் கைபிடியும் இருக்க வேண்டும்.

"காத்து நிரம்புற பெல்ற் மாதிரி ஒண்டு இருக்கே, அது வடிவா இருக்கு. வாங்கட்டோ?"

16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், வேகநீரில் ஓடுகிறவர்களுக்கும் கனடாவில் அதற்கு அங்கீகாரம் இல்லை. திறந்த படகில் அதை அணிந்திருந்தால்தான் கணக்கில் சேரும். புதியவர்களுக்கு நான் சொல்வது, இழுக்க நினைவு வராத நேரத்திலும் மிதக்க வைக்கும் ஃபோம் ஜாக்கெட்தான்.

"கயாக் துடுப்பு எத்தினை சென்ரிமீற்றர்? கடையில 210இல இருந்து 250 வரைக்கும் இருக்கு."

உங்கள் உயரத்தை விடப் படகின் அகலம் முக்கியம். அகலம் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் 210–220. எழுபது வரை 220–230. அதற்கு மேல் 230–240. கதிரை உயர்ந்த மீன்பிடிக் கயாக்குக்கு 240–250. இரண்டுக்கும் நடுவில் நின்றால், குட்டையானவர் கீழ் அளவையும் நெட்டையானவர் மேல் அளவையும் எடுக்கலாம். துடுப்பு கட்டையாக இருந்தால் படகின் விளிம்பில் விரல் மூட்டு இடிபடும். நீளம் கூடினால் துடுப்பை ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் படகின் மூக்கு இடமும் வலமும் ஆடும்.

காசு இருந்தால் அதைத் துடுப்பின் எடையைக் குறைக்கச் செலவழியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் தடவை அதைத் தூக்குகிறீர்கள். அலுமினியத் தண்டு குளிரில் கையைக் கடிக்கும், வெயிலில் சுடும், பாரமும் கூட. ஃபைபர் கிளாஸ் தண்டு நடுத்தர விலையில் நல்ல தெரிவு. நடுவில் பொத்தானை அமத்தினால் ஓர் அலகை, அதாவது துடுப்பின் தட்டையான முனையை, மற்றதற்குக் கோணமாகத் திருப்பி வைக்கலாம். அது எதிர்காற்றில் மேல் அலகு காற்றை வெட்டிக்கொண்டு போவதற்கு. பழகும் வரை கோணத்தைப் பூச்சியத்திலேயே விடுங்கள். பிடிப்பு இலேசாக இருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வீங்கும்.

"கனூத் துடுப்பு நாடி மட்டும் வந்தாச் சரி எண்டு கடைக்காரன் சொன்னான்."

நின்று அளப்பது அத்தனை சரியல்ல, கால் நீளமானவர்களுக்குத் தவறிவிடும். கதிரையில் நிமிர்ந்து இருங்கள். துடுப்பைத் தலைகீழாக, கைபிடி கதிரைப் பலகையில் படும்படி நிறுத்துங்கள். அலகு தொடங்கும் கழுத்து உங்கள் மூக்கு மட்டத்தில் வந்தால் உங்கள் அளவு. அலகின் நீளம் வேறு கணக்கு.

மரத் துடுப்பு வாங்கினால் அதன் வளைவும் துள்ளலும் கைக்கு இதம். நீளமான ஒட்டர்டெயில் அலகு ஆழ ஏரிக்கு, அகலக் கட்டை அலகு ஆழமில்லாத ஆற்றுக்கு. பீற்றர்பரோவில் 2024இல் புதிய கட்டடத்தில் திறந்த கனேடியக் கனூ அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளோடு போய்வாருங்கள். வாங்க முன் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. வார்னிஷ் போடாத தண்டுக்கு வருடம் ஒருக்கால் எண்ணெய் தேய்க்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

"துடுப்பு கையை விட்டுப் போகாமல் கட்டி வைக்கலாமோ?"

ஏரியில் கட்டலாம், முக்கியமாகத் தனியே போகிறவர்கள். காற்றில் துடுப்பும் படகும் பிரிந்தால் நீந்திப் பிடிக்க முடியாது. சுருள் கம்பி போன்ற வார் ஒன்றைப் படகிலும் துடுப்பிலும் மாட்டுங்கள். ஓடும் ஆற்றில் கட்டவே கூடாது. கவிழ்ந்தால் அந்த வார் மரக்கிளையிலோ உங்கள் காலிலோ சுற்றிக்கொள்ளும். இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டுவது எங்கேயும் வேண்டாம்.

"கைப்பம்பு, துடுப்பு மிதவை, இடுப்புப் பாவாடை... இதெல்லாம் எனக்கும் வேணுமோ?"

மேலே உட்காரும் கயாக் என்றால் வேண்டாம். அதில் தண்ணீர் தேங்க இடமில்லை, துளையால் வடிந்துவிடும். உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக்கில் கரையை விட்டு விலகிப் போகிறவர்களுக்கு வேண்டும். கவிழ்ந்த கயாக் நிறையத் தண்ணீர் கொள்ளும், முதல் பதிலில் சொன்ன கோப்பையால் அதற்குள் இறைப்பது கடினம். மிதவையைத் துடுப்பின் ஓர் அலகில் மாட்டிக் குறுக்கே வைத்தால், அதில் ஊன்றி ஏறலாம். ஆனால் பழகாமல் வாங்கினால் பயனில்லை. இடுப்பில் கட்டி, ஆள் உட்காரும் துளையை மூடும் பாவாடை, அதை இழுத்துக் கழற்றும் பழக்கம் வரும் வரை வேண்டாம். முன்னால் இருக்கும் இழுவை வளையம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

"அல்கோங்குவினுக்குப் போறம். கனூவுக்குச் சில்லு வண்டி வாங்கட்டோ?"

அல்கோங்குவின் மாகாணப் பூங்காவில், ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகைச் சுமந்து நடக்கும் பாதைகளை மஞ்சள் பலகை காட்டும். அவற்றில் பெரும்பாலானவை வேர், பாறை, சேறு, ஏற்றம். சில்லு அங்கே சுமை. சில்லு வண்டி வாகனத் தரிப்பிடத்திலிருந்து கரைக்குப் போகத்தான். மணலுக்கு அகலப் பலூன் சில்லு, மற்ற இடத்துக்குக் காற்றடிக்கத் தேவையில்லாத ஃபோம் சில்லு.

சுமக்கும் பாதைக்குத் தேவை நடுவில் தோளுக்கு வளைத்த நுகத்தடி. அதில் மெத்தை பூட்டினால் கழுத்து எலும்பு தப்பும். சற்றே பின்பாரமாக இருந்தால் மூக்கு உயர்ந்து வழி தெரியும். துடுப்புகளைக் குறுக்குச் சட்டங்களில் கட்டிவிடுங்கள், கை ஓயும். 16 அடி கெவ்லார் கனூ 20 கிலோ அளவில்தான், அதே நீளப் பிளாஸ்ரிக் கனூ 30ஐத் தாண்டும். முதல் பயணத்துக்குக் அங்குள்ள கனூ லேக்கிலோ ஒப்பியோங்கோ ஏரியிலோ வாடகைக்கு எடுங்கள். நுகத்தடி, துடுப்பு, லைஃப் ஜாக்கெட் கூடவே வரும், கூரையில் கட்டும் வேலையும் இல்லை. உள்காட்டு முகாமிடங்களுக்குப் போத்தலும் தகர டின்னும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அம்மா தரும் ஊறுகாயைப் பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாற்றுங்கள்.

"கனூவுக்குச் சின்ன மின்சார மோட்டார் பூட்டினா லைசென்ஸ் வேணுமோ?"

வேண்டும். துடுப்பால் மட்டும் ஓடும் படகுக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை. பற்றறியில் ஓடும் எந்தச் சின்ன மோட்டாரையும் பூட்டிய நிமிடம் அது மோட்டார் படகு, ஓட்டுகிறவரிடம் அட்டை இருக்க வேண்டும், சாமான் பட்டியலும் கூடும். அல்கோங்குவினின் பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கு அனுமதியும் இல்லை.

"ஒரு ஏரியில இருந்து இன்னொரு ஏரிக்கு மாறேக்க ஏதோ கழுவ வேணுமாம்?"

2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அது விதி. படகைத் தரைவழியாகக் கொண்டுபோக முன் அதில் ஒட்டிய நீர்ச்செடி, பாசி, உயிரினம் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், அடைப்பைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். சீப்ரா சிப்பி இப்படித்தான் ஏரிக்கு ஏரி பரவியது. துடுப்பு, கயிறு, சில்லு வண்டி, செருப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பழைய துவாய் ஒன்று காரில் இருக்கட்டும்.

"பனிக்காலத்தில வெளியால விடலாமோ?"

கவிழ்த்து, தரையில் படாமல், பனி குவியாத இடத்தில் விடலாம். கைபிடியில் கட்டித் தொங்கவிடாதீர்கள், நடு தொய்யும். இரண்டு அகலப் பட்டியில் கிடத்துங்கள், அல்லது விலாவில் நிறுத்துங்கள். ரோயலெக்ஸ் என்ற பொருளில் செய்த பழைய கனூவுக்கு மர விளிம்பு இருந்தால், கடும் குளிர் வரமுன் விளிம்பின் ஆணிகளைத் தளர்த்துங்கள். உடம்பு மரத்தைவிடக் கூடச் சுருங்கி ஆணிக்கருகே வெடிக்கும். பூட்டுக் கம்பி ஒன்றைக் கதிரைச் சட்டத்தால் விட்டுப் பூட்டுங்கள், திருட்டு குறையும்.

"போன வருசத்து ஸ்ட்ராப்பையே பாவிக்கலாமோ? பார்க்க நல்லாத்தான் இருக்கு."

வெயில் உள்ளே தின்றிருக்கும். பட்டியை மடித்து வளைவில் நகத்தால் சுரண்டுங்கள். தூள் பறந்தாலோ, நிறம் வெளிறி விறைப்பாக இருந்தாலோ, ஓரத்தில் நூல் பிய்ந்திருந்தாலோ கைவிடுங்கள். கொக்கியின் பற்களில் மண் நிறைந்திருக்கிறதா, இழுத்த பிறகு மெல்ல நழுவுகிறதா என்றும் பாருங்கள். மண் மட்டும் என்றால் வெந்நீரில் கழுவினால் போகும். மழையில் ஊறியதை ஈரத்தோடு டிக்கியில் அடைத்து வைக்காமல் காயப்போட்டால் இன்னும் ஒரு பருவம் வரும்.

கழிப்பதை இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் நல்ல ஸ்ட்ராப் என்று நினைத்து யாராவது எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள்.